மலையேறும் வண்டிக்கு கூலண்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

ஜனவரி விடியலில் நுவரெலியாப் புல்லில் உறைபனி படிவதைப் பார்த்துவிட்டு, ரேடியேட்டர் தண்ணீரோடு கலக்கும் கூலண்டை அள்ளி ஊற்றுபவர்கள் உண்டு. தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு கலந்தாலே -16 பாகை வரை உறையாது. இலங்கையில் எங்கும் அந்தக் குளிர் இல்லை. நமக்குப் பிரச்சினை கொதியும் துருவும்தான்.

1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் வெறும் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பல எஞ்சின்கள் வழக்கமாக ஓடும் சூடே 90ஐ ஒட்டித்தான். கொதிக்கவிடாமல் பிடித்து வைப்பது ரேடியேட்டர் மூடியின் அழுத்தம். மூடியில் 0.9, 1.1 என்று அந்த அழுத்தத்தின் எண் (பார் அளவில்) இருக்கும். ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு எந்தக் கலவையை ஊற்றியும் பயனில்லை. அதே எண்ணில் புதிது போடுங்கள். எண் கூடினால் பழைய ஹோஸ் தாங்காது.

கூலண்ட் 40, தண்ணீர் 60 என்பது மலையகத்துக்குத் தாராளம். வண்டிக் கையேடு பாதிக்குப் பாதி என்றால் அதையே பின்பற்றுங்கள். கூலண்ட் 60 வீதத்தைத் தாண்ட வேண்டாம். கூலண்டில் உள்ள கிளைக்கோல் தண்ணீரளவு சூட்டைச் சுமக்காது. கம்பளையிலிருந்து றம்பொடை வழியாகச் சுமையோடு ஏறும்போது சூடு காட்டும் முள் மேலே போகும். கூலண்ட் மூன்றிலொன்றுக்குக் குறைந்தால் அதிலுள்ள துருத்தடுப்பு மருந்து பத்தாது, எஞ்சினின் அலுமினிய ஹெட் அரிக்கும். வழியில் கொதித்தால், ஆறவிட்டுப் பீலித்தண்ணி ஊற்றலாம், தப்பில்லை. அதையே மாதக்கணக்கில் ஊற்றி ஓடினால், ஒருநாள் மூடியைத் திறக்கும்போது உள்ளே பிளேன்டீ நிறத்தில் நிற்கும். (காற்றில் குளிரும் ஓட்டோக்காரருக்கு இந்தத் தொல்லையே கிடையாது.)

வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு எல்லாம் கம்பனிக்குக் கம்பனி மாறும். கையேடு சொல்லும் வகையே கணக்கு. வகை மாற்றிக் கலந்தால் சில ஜெல்லியாகி ரேடியேட்டரை அடைக்கும். போத்தலில் 50/50 என்றிருந்தால் ஏற்கெனவே தண்ணீர் கலந்தது, மேலே சேர்க்கக்கூடாது.

மாற்றும்போது பெரும்பாலும் தப்பு நடப்பது கணக்கில். எஞ்சின் முற்றாக ஆறிய பிறகு, கீழ்க் குழாயைத் திறந்தால் ரேடியேட்டர்தான் காலியாகும். எஞ்சின் புளொக்கில் கணிசமான தண்ணீர் தங்கிவிடும். உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவியபின் அங்கே தங்குவது வெறும் தண்ணீர். வெளியே 40:60 கலந்து ஊற்றினால், உள்ளே அது இன்னும் நீர்த்துப்போகும். ஆகவே, கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 6 லீற்றர் என்றால் முதலில் கலக்காத கூலண்ட் 2.4 லீற்றரை ஊற்றுங்கள். மிச்ச இடத்தை டிஸ்டில்ட் வோட்டரால் நிரப்புங்கள்.

முன்பக்கம் மேடாக நிறுத்துங்கள். நம்மூரில் மேட்டுக்கா பஞ்சம்! ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து, குமிழி அடங்கும்வரை கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றுங்கள். பிறகு மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு தடவை சுழலும்வரை விடுங்கள். மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் காற்று அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. மறுநாள் காலை, ஆறிய எஞ்சினில் ரிசர்வ் டேங்க் மட்டத்தைப் பாருங்கள். இறங்கியிருந்தால் அதே கலவையை விடுங்கள்.

கராஜில் ரிஃப்ராக்டோமீட்டர் (கலவை எந்தப் பாகையில் உறையும் என்று காட்டும் கருவி) இருந்தால் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம்: 40 வீதத்துக்கு -24 பாகையை ஒட்டிக் காட்டும். வடித்த பழையதைக் கானில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், சிறிதளவே அதைக் கொன்றுவிடும்.