நிக்கல் கலவை ஃபோர்ஜிங்: கிரெய்ன் கெட்டுப்போகும் இடங்கள்

எஃகு ஃபோர்ஜிங்கில் (உலோகத்தைச் சூடேற்றி, அடித்தோ அழுத்தியோ உருவாக்குவதில்) பழகியவர்கள் எண்ணெய்க் கிணறுகளுக்கான நிக்கல் கலவைகளுக்கு வரும்போது செய்யும் முதல் தவறு, உலோகத்துக்குள் இருக்கும் சிறு படிகங்களான கிரெய்ன்களைப் பற்றி, "கிரெய்ன் கொஞ்சம் பெரிதானால் என்ன, ஹீட் ட்ரீட்மென்டில் சரியாகிவிடும்" என்று நம்புவது. எஃகில் அது நடக்கும். சூடேற்றி ஆறவிடும்போது அதன் படிக அமைப்பே மாறுவதால் புதிய, நுண்ணிய கிரெய்ன்கள் உருவாகின்றன. 718, 725, 925 என்ற எண்களால் அழைக்கப்படும் நிக்கல் கலவைகளில் அந்த மாற்றம் கிடையாது. அழுத்தி உருமாற்றி, அந்த உருமாற்றத்தின் பலத்தில் மறுபடிகமாக்குவதுதான், அதாவது பழையவற்றின் இடத்தில் புதிய கிரெய்ன்களை உருவாக்குவதுதான் ஒரே வழி. அதனால் கிரெய்னின் தலைவிதி பெரும்பாலும் கடைசி ஃபோர்ஜிங் சூட்டிலேயே (கடைசியாகச் சூடேற்றி அடிக்கும் சுற்றிலேயே) முடிவாகிவிடுகிறது.

அடுத்தது, விமானப் பாகங்களுக்கான 718 முறையை அப்படியே பின்பற்றுவது. அங்கே டெல்டா என்னும் படிவை (கலவைக்குள்ளேயே தனியாகப் பிரிந்து உருவாகும் துகள்களை) கொஞ்சம் விட்டுவைத்து, கிரெய்ன் எல்லைகளை நகரவிடாமல் பிடித்துக்கொள்வார்கள். கிணற்றுக்குள் ஹைட்ரஜன் இருக்கிறது. எல்லைகளில் ஊசிபோல் வளர்ந்த டெல்டா, ஹைட்ரஜனால் வரும் விரிசலுக்கு வழி திறந்துவிடும். அதனால்தான் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) 6ஏசிஆர்ஏ தரநிலை, 718-ஐ 1021 முதல் 1052 டிகிரி செல்சியஸில் கரைசல் சூடாக்கம் (படிவு கலவைக்குள் கரையும்படி சூட்டில் வைப்பது) செய்யச் சொல்கிறது. டெல்டா கரைந்துவிடும், சரி, ஆனால் எல்லைகளைப் பிடித்துவைக்க அப்புறம் பெரிதாக எதுவும் மிஞ்சாது. கிரெய்ன் வளர்ச்சிக்கு எதிராக நம் கையில் இருப்பது, ஃபோர்ஜிங்கில் சீராகக் கொடுத்த உருமாற்றமும் ஃபர்னஸில் காட்டும் கட்டுப்பாடும்தான்.

கடைசிச் சூட்டில் "அளவுக்குக் கொண்டுவர லேசாக ஒரு தட்டு" என்பது ஆபத்தானது. மிகக் குறைந்த உருமாற்றம் பெற்ற பகுதியில் ஒருசில கிரெய்ன்கள் மட்டும் பக்கத்திலுள்ளவற்றை விழுங்கிப் பெரிதாகும். நீளமான தண்டின் ஒரு முனையை மட்டும் அடிக்கும்போது, மறுமுனை உருமாற்றமே பெறாமல் மறுபடி மறுபடி சூடாவதும் இதே ரகம். அடிக்கப்போகும் பகுதியை மட்டும் சூடேற்றுங்கள். கடைசிச் சூட்டின் வெப்பநிலையைக் குறைத்து, உருமாற்றத்தைக் கூட்டித் திட்டமிடுங்கள்.

பிரஸ்ஸின் வேகத்தையும் பலர் கவனிப்பதில்லை. வேகமாக அழுத்தினால் உள்ளே வெப்பம் ஏறி நடுப்பகுதியின் கிரெய்ன்கள் பெரிதாகிக் கரடாகும். மெதுவாக அழுத்தினால் டையை (அழுத்தும் அச்சை) தொடும் தோல் குளிர்ந்து, பழைய பெரிய கிரெய்ன்களைச் சுற்றிச் சிறியவை மாலைபோல் கோத்த அரைகுறை அமைப்பு நிற்கும். டையை நன்றாகச் சூடேற்றுவது தோலைக் காப்பாற்றும்.

கரைசல் சூடாக்கத்துக்குப் பின் தடிமனான துண்டை வேகமாகக் குளிர்விக்கத் தவறினால், உள்ளே எல்லைகளில் மறுபடி படிவு சேரும். மேற்பரப்பில் எடுத்த மாதிரி இதைக் காட்டாது. நடுப்பகுதியிலும், கனம் மாறும் இடங்களிலும் வெட்டிப் பாருங்கள். சராசரி கிரெய்ன் எண்ணை (கிரெய்ன் அளவைக் குறிக்கும் எண்ணை) மட்டும் குறித்து நிறுத்தாமல், பெரியதும் சிறியதும் கலந்திருக்கிறதா என்றும் பதிவு செய்யுங்கள். மீயொலிச் சோதனையில் ஒரு பகுதியில் மட்டும் எதிரொலி வலுவிழந்தால், அங்கே கரடான கிரெய்ன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.