ராஜினாமாவுக்கு முன் விடுவிப்புக் கடிதம்

தென் கொரியாவில் ஈ-2 விசாவில் ஆங்கிலம் கற்றுத் தருகிறீர்களா? மோசமான பள்ளியை விட்டு விலகுவதென்றால் முதலில் விடுவிப்புக் கடிதத்தில் (நீங்கள் வேறு பள்ளிக்குப் போகச் சம்மதம் தரும் கடிதம்) முதலாளியின் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்குங்கள், ராஜினாமா அப்புறம். அந்த விசா பள்ளியோடு பிணைந்தது. ஒப்பந்தம் முடியுமுன் வேறு பள்ளிக்கு மாற, குடிவரவு அலுவலகம் பொதுவாக இந்தக் கடிதத்தைக் கேட்கும். ராஜினாமா கைக்கு வந்துவிட்டால் கையெழுத்துப் போட அவர்களுக்கு அவசரமே இருக்காது. கடிதத்தில் வேலையின் கடைசி நாள் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பதினோராவது மாதமா? முடிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருடத்தை முடியுங்கள். குறைந்தது 30 நாள் சராசரிச் சம்பளம் பணிக்கொடையாக வரும். வாரம் 15 மணி நேரத்துக்குக் குறைவான வேலைக்கு அது கிடையாது.

ஒப்பந்தத்தை முடித்தவர்களுக்கும் ஊர் திரும்புகிறவர்களுக்கும் கடிதம் வேண்டாம். சம்பளமே தராத இடமென்றால் காத்திருக்காதீர்கள், தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.