கியர் மாற்றும்போது பல்லை மட்டும் எண்ணாதீர்கள்

உடைந்த கியரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து "இதே மாதிரி ஒண்ணு வெட்டிக் கொடுங்க" என்பவர்கள்தான் பட்டறைக்கு அதிகம். பல்லை எண்ணி, வெளிவிட்டத்தை அளந்தால் மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் மி.மீ. எண்) கிடைத்துவிடும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை பழைய இங்கிலாந்து லேத்தின் ஸ்பர் கியர் (நேர்பல் கியர்) வந்தது. 30 பல், வெர்னியரில் 81.3 மி.மீ. பல் எண்ணிக்கையோடு 2 கூட்டினால் 32, விட்டத்தை அதால் வகுத்தால் 2.54. ஏறக்குறைய இரண்டரைதானே என்று மாட்யூல் 2.5 கட்டரில் வெட்டிவிட்டேன். கையால் சுற்றியபோது ஓடியது. லோடு ஏறியதும் ஊளையிட ஆரம்பித்தது. 25.4ஐ 2.54ஆல் வகுத்துப் பார்த்திருந்தால் 10 வந்திருக்கும். அது டிபி (டயமெட்ரல் பிட்ச்) 10, பல் அளவின் அங்குலக் கணக்கு. போதாததற்கு அதன் பிரஷர் ஆங்கிள் (பல்லும் பல்லும் தள்ளிக்கொள்ளும் கோணம்) 14.5 டிகிரி, நான் வெட்டியது 20. இரண்டும் ஜோடி சேரவே சேராது.

அடுத்தது வார்ம் கியர், திருகு மாதிரியான வார்ம் ஒரு பல்சக்கரத்தை (வீல்) சுற்றும் ஜோடி. வீல் பக்கமிருந்து தள்ளினால் திரும்பாது என்று நம்பி, சுமை தூக்கும் இடத்தில் பிரேக் இல்லாமல் போடுகிறார்கள். அதிர்வு இருந்தால் மெல்ல நழுவும். ஆள் நிற்கிற இடத்தில் பிரேக் இல்லாத வேலையை நான் எடுப்பதில்லை. செயல்திறனையும் (உள்ளே போவதில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதை) மறந்துவிடுகிறார்கள். 5 எச்.பி., 1440 ஆர்.பி.எம். மோட்டாருக்கு 40:1 வார்ம் போட்டால் காகிதத்தில் சுமார் 980 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). செயல்திறன் 70 சதவீதம் என்றால் கையில் கிடைப்பது 690க்குள்தான். மீதி சூடாகிப் போகிறது. அந்தச் சூட்டில், கந்தகம் கலந்த சில இ.பி. (அதிக அழுத்தம் தாங்கும்) ஆயில்கள் வெண்கல வீலை அரித்துவிடும். டப்பாவில் வார்ம் கியருக்கு ஏற்றது என்று இருக்கிறதா, பாருங்கள்.

சத்தம் குறையட்டும் என்று ஸ்பரை எடுத்துவிட்டு ஹெலிகல் (சாய்பல் கியர்) போடுவது நல்ல யோசனைதான். ஆனால் 20 டிகிரி சாய்வில், சுற்றுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஷாஃப்டை அச்சோடு தள்ளும். பேரிங் அதைத் தாங்குமா? அச்சோடு வரும் தள்ளலைத் தாங்கும் டேப்பர் ரோலரோ ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்கோ தேவைப்படலாம். இணை ஷாஃப்டுகளில் ஒன்று வலச்சாய்வு என்றால் மற்றது இடச்சாய்வு. ஆர்டரில் இதை எழுதாமல் விட்டு இரண்டும் ஒரே பக்கச் சாய்வாக வந்த கதையும் உண்டு.

ஸ்பைரல் பெவல் (வளைந்த பல்லுள்ள கூம்பு கியர்) என்றால் பினியனை (ஜோடியில் சிறியதை) மட்டும் மாற்ற வேண்டாம். இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தி (லேப் செய்து) ஜோடியாக எண் போட்டிருப்பார்கள். இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.