பேக்கப்பைச் சோதிக்கும்போது லைவ் சர்வரைத் தொட்டுவிடாதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்கப் எடுப்பவர்கள் நிறையப் பேர். எடுத்ததை ரீஸ்டோர் செய்து, அதாவது அதிலிருந்து சர்வரை மீண்டும் உருவாக்கிப் பார்ப்பவர்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் பேரில் நீங்களும் ஒருவர் என்றால் நல்ல வேலை செய்கிறீர்கள். ஆனால் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் லேப், லாட்ஜ், தோல் கம்பெனி, பள்ளி என்று பல இடங்களில் எல்லாக் கணினியும் ஒரே சுவிட்சில்தான் ஓடுகிறது. அங்கே இந்தச் சோதனையை அவசரத்தில் செய்தால் வினையாகிவிடும். ரீஸ்டோர் ஆன சர்வருக்குத் தான் நகல் என்பது தெரியாது. அசல் என்னென்ன செய்ததோ, அத்தனையையும் ஆன் செய்த உடனே அதுவும் செய்ய ஆரம்பிக்கும்.

அதனால் ஆன் செய்துவிட்டு அப்புறம் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே கூடாது. அசலின் ஐபி முகவரியோடு நகலும் எழுந்தால், எது யார் என்று மற்ற கணினிகள் குழம்பும். ஒரு கவுன்ட்டரில் போட்ட பில் அசலுக்கும் பக்கத்துக் கவுன்ட்டரில் போட்டது நகலுக்கும் போகலாம். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போதுதான் இடிக்கும். நகலை விர்ச்சுவல் மெஷினாக (விஎம், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்டும் மென்பொருள் புராக்ஸ்மாக்ஸ் என்றால், எந்த நெட்வொர்க் போர்ட்டும் சேர்க்காத தனி பிரிட்ஜ் (மென்பொருள் சுவிட்ச்) ஒன்றை உருவாக்கி, நகலை அதில் மட்டும் மாட்டுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் இன்டர்னல் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் தானாக வரும் நேட் (கணினியின் இணைப்பையே விஎம்முக்கும் பகிரும்) அமைப்பு பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். வெளியிலிருந்து உள்ளே வருவதை அது தடுக்கும், சரி. உள்ளிருந்து இணையத்துக்கும் ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் போவதை அது தடுக்காது.

எனக்கு அதிகம் கவலை தருவது இந்த வெளியே போகும் பாதைதான். கொல்கத்தாவிலிருந்தும் அகர்தலாவிலிருந்தும் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் நிறைந்த ஊர் வேலூர். ஒரு லேப் சர்வரின் மூன்று வாரப் பழைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பேக்கப் எடுத்த நேரத்தில் அனுப்பக் காத்திருந்த எஸ்எம்எஸ்களும் மெயில்களும் அப்படியே அதற்குள் இருக்கும். அனாக்ரான் போன்ற நிரல்கள் இடையில் தவறிய வேலைகளை பூட் ஆனதும் தேடிப்பிடித்து ஓட்டும். எஸ்எம்எஸ் அனுப்ப அனுமதி தரும் கீ அதே கீ, செய்தியின் டெம்ப்ளேட்டும் பதிவு செய்த அதே டெம்ப்ளேட். செய்தியை அனுப்பிவைக்கும் எஸ்எம்எஸ் கேட்வே ஏன் மறுக்கப்போகிறது? 'நாளை காலை வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வரவும்' என்று நோயாளிக்குச் செய்தி போய்விடும். மொழி தெரியாத ஊரில் சர்க்கரை நோயுள்ள ஒருவர் அதை நம்பிப் பட்டினியோடு வந்து வரிசையில் நிற்பார்.

இதைத் தடுக்க, வெளியே போகும் எல்லாவற்றையும் முதலில் மூடுங்கள். நெட்வொர்க் இல்லாமலே பூட் செய்து, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான், டைமர்கள், கூடவே மெயில் சேவை ஆகியவற்றை நிறுத்துங்கள். காத்திருக்கும் வரிசைகளைக் காலி செய்யுங்கள். எஸ்எம்எஸ், பேமென்ட் கீகளை சோதனைக் கீகளாக மாற்றுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு எது அவசியமோ அதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறக்கலாம்.

தனி விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) கொடுத்துவிட்டோம், அது போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. இரண்டு விலான்களுக்கும் நடுவில் ரவுட்டர் வழிவிட்டால் அது பிரிப்பே இல்லை. அப்ளிகேஷனின் கான்ஃபிக் ஃபைலில் லைவ் டேட்டாபேஸின் முகவரி அப்படியே இருக்கும். சோதனைதானே என்று நீங்கள் அழிக்கும் பதிவு லைவில் அழியும். சோதனை விலானிலிருந்து லைவுக்கு எதுவும் போகக் கூடாது என்று ஃபயர்வாலில் விதி போடுங்கள். லினக்ஸ் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் போடும் விதி, பழைய வகை ஐபி முகவரியான ஐபிவி4-ஐ மட்டும்தான் தடுக்கும். புதிய வகையான ஐபிவி6-க்குத் தனியாகப் போட வேண்டும்.

தானாகப் பேக்கப் எடுக்கும் நிரலான பேக்கப் ஏஜென்ட்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நகலுக்குள் அதுவும் இருக்கிறது. ராத்திரி நேரம் வந்ததும் அசலின் பெயரிலேயே, அதே பேக்கப் கிடங்கில் எழுதும். பழையவற்றை அழிக்கும் விதியும் அதோடு சேர்ந்தே ஓடினால், உண்மையில் தேவைப்படும் பேக்கப்பே போய்விடும். முதலிலேயே அதை நிறுத்திவிடுங்கள். கிடங்கிலிருந்து படிக்க மட்டும் நகலுக்கு அனுமதி கொடுங்கள்.

ஆபீஸின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலரின் நகலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் லைவ் நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள். அந்தக் கணக்குகளின் டைரக்டரி ஒத்திசைவே குழம்பிவிடும்.

எந்த சர்வரில் இருக்கிறீர்கள் என்று பார்த்ததுமே தெரிய, நகலின் ஹோஸ்ட்நேமை (கணினிப் பெயரை) மாற்றுங்கள், கட்டளை அடிக்கும் டெர்மினல் பிராம்ப்ட்டுக்கு வேறு நிறம் கொடுங்கள். சின்ன வேலைதான், தட்டிக்கழிக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், இரண்டாம் நிலை டேட்டாபேஸ் சர்வரில் அழிப்பதாக நினைத்து ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. கிட்டத்தட்ட 6 மணி நேரத்துப் பதிவுகள் திரும்பக் கிடைக்கவில்லை.

தனிமைப்படுத்தியாகிவிட்டது என்று பிங் (மறுமுனைக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பிங் மூடியிருந்தாலும் டேட்டாபேஸ் போர்ட் (அந்தச் சேவைக்கான நுழைவு எண்) திறந்திருக்கலாம். நகலுக்குள் உட்கார்ந்து லைவ் டேட்டாபேஸ், மெயில் சர்வர், எஸ்எம்எஸ் கேட்வே ஒவ்வொன்றின் போர்ட்டுக்கும் இணைத்துப் பாருங்கள். ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் எல்லாமே தோற்க வேண்டும். தடுக்கப்பட்ட முயற்சிகளைப் பதிவு செய்யும்படி ஃபயர்வால் விதியை வைத்தால், நகல் யாரையெல்லாம் தேடுகிறது என்பதும் லாகில் தெரியும். நீங்கள் மாற்ற மறந்த கான்ஃபிக் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

நகலில் இருப்பது உண்மையான மனிதர்களின் பெயரும் போன் எண்ணும் ரிப்போர்ட்டும். சோதனை சர்வர்தானே என்று எளிய பாஸ்வேர்டு வைத்து மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். சோதனை முடிந்த அன்றே விஎம்மையும் அதன் ஸ்னாப்ஷாட்களையும் (இடையில் சேமித்த நிலைகளையும்), ரீஸ்டோருக்காக லேப்டாப்பில் இறக்கிய ஃபைலையும் சேர்த்து அழித்துவிடுங்கள்.