பழைய பிக்கப்பின் பின்பக்க உயரத்தை இறக்கும் முன்

முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து, லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) ஆக்சிலுக்கு, அதாவது பின்சக்கரங்களை இணைக்கும் தண்டுக்கு, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் வேலை சுலபம், இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாக் (உலோகக் கட்டை) வைத்தாலே வண்டி இறங்கிவிடும். மேலே இருக்கும் வண்டியில் அதே பிளாக்கை வைத்தால் உயரம்தான் கூடும், அதற்கு ஆக்சிலை ஸ்பிரிங்குக்கு மேலே மாற்றும் ஃபிளிப் கிட் தேவை. ஸ்பிரிங் பட்டையில் ஒன்றிரண்டைக் கழற்றிவிட்டால் போதும் என்பார்கள், கேட்காதீர்கள், சுமை ஏற்றினால் தொங்கிவிடும்.

ரொம்ப இறக்கினால் ஆக்சில் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் இடிக்கும். ஸ்பிரிங்கையும் ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டை மறுபடி போடாமல் புதிதாகவே போடுங்கள், கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு இன்னொரு முறை முறுக்குங்கள்.

பலர் கவனிக்காத விஷயம் பிரேக். பல பழைய பிக்கப்களில் சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஒரு கம்பியோடு, சுமைக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் லோடு சென்சிங் வால்வு இருக்கும். வண்டியை இறக்கியதும் அது சுமை ஏறிவிட்டதாக நினைத்துப் பின்பக்கம் கூடுதல் அழுத்தம் கொடுக்கும், ஈரச் சாலையில் காலியாகப் போகும்போது பின்சக்கரம் லாக் ஆகிச் சறுக்கும். அந்தக் கம்பியையும் சேர்த்து சரிசெய்யச் சொல்லுங்கள். அப்புறம் ஹெட்லைட், பின்பக்கம் தாழ்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.