முதல் கைத்துப்பாக்கி: லைசென்ஸுக்கு முன்னும் பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில மாதங்களுக்கு முன் வில்லிவாக்கத்திலிருந்து ஒருவர் பாரிமுனையில் உள்ள எங்கள் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்து, மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஆறு தோட்டாக்கள். பித்தளை பச்சை பூத்திருந்தது.

"அப்பாவோடது சார். பீரோவைச் சுத்தம் பண்ணும்போது கிடைச்சுது. ரிவால்வர் வீட்டிலதான் இருக்கு. அதை என் பேருக்கு மாத்தணும்" என்றார்.

அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அப்பாவிடம் லைசென்ஸ் இருந்தது என்பது உண்மை. அவர் போன அன்றோடு அது முடிந்துவிட்டது என்பதுதான் மகனுக்குத் தெரியவில்லை. அந்த நான்கு வருடமும் அந்த வீட்டில் இருந்தது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. அன்று காலை டூவீலரில் அவ்வளவு தூரம் வந்தது லைசென்ஸ் இல்லாத தோட்டா. வழியில் ஒரு வாகனச் சோதனையில் பையைத் திறக்கச் சொல்லியிருந்தால், ஒரு நல்ல மனிதர் ஆயுதச் சட்ட வழக்கில் சிக்கியிருப்பார்.

துப்பாக்கி விஷயத்தில் வழக்கில் மாட்டிக்கொள்பவர்களில் பலர் இப்படித்தான். யாரையும் சுட நினைத்தவர்கள் கிடையாது. நகை, நிலம், வண்டி போல இதையும் ஒரு குடும்பச் சொத்து என்று நினைத்துவிட்டவர்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016இல் வந்த ஆயுத விதிகளும் அப்படிப் பார்ப்பதே இல்லை. ஒரு பெயர், ஒரு எண், ஒரு முகவரி. இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டியதுதான் லைசென்ஸ். மூன்றில் ஒன்று மாறினாலும் உடனே எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். முதல் முறையாக வாங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி நடக்காது.

முதலில் துப்பாக்கி, அப்புறம் லைசென்ஸ் என்ற நினைப்பு

"தெரிஞ்சவர் ஒருத்தர் விக்கிறார், அட்வான்ஸ் கொடுத்து வாங்கி வெச்சுட்டேன், லைசென்ஸுக்கு இனிமேதான் போடணும்" என்று சொல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். சட்டத்தின் 3ஆம் பிரிவு நேரெதிர். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் ஆயுதத்தைத் தொடவே முடியும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. கூடவே அபராதம்.

தெரிந்தவரிடமிருந்து வாங்குவது தடை என்று இல்லை. வாங்குபவர் கையில் லைசென்ஸ் இருக்க வேண்டும். விற்பவர் லைசென்ஸ் அலுவலகத்துக்கோ தன் பகுதி ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து, அதன்பின் 45 நாள் கழிய வேண்டும். அந்த 45 நாளுக்கு முன் சாவகாசமாக வீட்டில் வைத்துக் கைமாற்றிக்கொண்டால் இருவருக்குமே சிக்கல். நட்பு எவ்வளவு பழையதாக இருந்தாலும் இதில் அவசரப்படாதீர்கள்.

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். விளையாட்டுத் துப்பாக்கி சுடுதலில் பயிற்சி எடுக்கும் இளையோருக்கு மட்டும் தனி ஏற்பாடு உண்டு.

எந்த அலுவலகம், என்ன காரணம்

சென்னை மாநகரத்துக்கு லைசென்ஸ் தருபவர் போலீஸ் கமிஷனர். அலுவலகம் வேப்பேரியில். கமிஷனரேட் எல்லைக்கு வெளியே போனால் மாவட்ட ஆட்சியர். 2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனி கமிஷனரேட் ஆகிவிட்டன. பின்கோடு சென்னை என்று இருந்தாலும் உங்கள் ஸ்டேஷன் வேறு கமிஷனரேட்டில் இருக்கலாம். விண்ணப்பத்தை நிரப்பும் முன் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தவறான இடத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

தனிநபருக்கான விண்ணப்பம் ஏ-1 படிவம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, போட்டோ இதெல்லாம் யாரும் மறப்பதில்லை. பலர் தடுக்கி விழுவது வேறு மூன்று தாள்களில்: உடல், மனநலம் பற்றிய மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியை முடித்த சான்று, வீட்டில் எப்படிப் பத்திரமாக வைப்பீர்கள் என்ற உறுதிமொழி. பயிற்சியைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். சான்றுக்காக மட்டும் சொல்லவில்லை. கையில் எடுத்ததும் முதலில் தோட்டா இருக்கிறதா என்று திறந்து பார்ப்பது, விரலை டிரிகரில் வைக்காமல் வெளியே நீட்டியே வைத்திருப்பது, இதெல்லாம் சொல்லிக் கொடுத்துச் செய்து பார்த்தால்தான் வரும்.

அடுத்தது காரணம். விண்ணப்பத்தில் "பாதுகாப்புக்காக" என்று ஒற்றைச் சொல் எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நம் நாட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது பிறப்புரிமை என்று யாரும் கேட்டு வாங்க முடியாது. அரசு தரும் அனுமதி அது. தொழில் அல்லது வேலை காரணமாக உயிருக்கோ உடைமைக்கோ உண்மையிலேயே பாதுகாப்பு தேவைப்படுபவர், இல்லையென்றால் குறைந்தது இரண்டு ஆண்டாக ரைபிள் கிளப்பில் உறுப்பினராக இருந்து தொடர்ந்து சுடும் விளையாட்டு வீரர், இப்படிப்பட்டவர்களுக்குத் தரலாம் என்று விதிகளே சொல்கின்றன. சௌகார்பேட்டையில் நகைத் தொழில் செய்பவர் என்றால், இரவில் எவ்வளவு சரக்கோடு எந்த வழியாக வீட்டுக்குப் போகிறார் என்று எழுதட்டும். மிரட்டல் வந்திருந்தால் அன்றைக்கே ஸ்டேஷனில் கொடுத்த புகார், அதற்குக் கிடைத்த சி.எஸ்.ஆர். ரசீது, இவற்றை இணைக்கட்டும். அதிகாரி படிப்பது உங்கள் முகத்தை இல்லை, அந்தப் பத்தியைத்தான்.

இங்கேதான் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய வழக்கை மறைக்காதீர்கள். பத்து வருடத்துக்கு முந்தைய அடிதடி, சமாதானமாகிப் போன பக்கத்து வீட்டுத் தகராறு, விடுதலை ஆன வழக்கு, எதுவானாலும் கேள்வி கேட்டிருந்தால் பதில் எழுதுங்கள். ஸ்டேஷன் வெரிஃபிகேஷனில் அது எப்படியும் வரும். உண்மையைச் சொல்லியும் லைசென்ஸ் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். மறைத்து வாங்கியது பின்னால் தெரிந்தால், அதையே காரணமாக வைத்து லைசென்ஸை ரத்து செய்ய 17ஆம் பிரிவில் வழி இருக்கிறது. விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடு உண்டு. சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது.

கடைக்குப் போகும் நாள்

சினிமாவில் பார்த்த 9 மி.மீ. பிஸ்டலை நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் உண்டு. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டா போடக்கூடிய கைத்துப்பாக்கி "தடை செய்யப்பட்ட போர்" (bore, அதாவது குழாயின் உள்ளளவு) வகை. கமிஷனர் தரும் சாதாரண லைசென்ஸில் அதை வாங்க முடியாது, அதற்கு மத்திய உள்துறை அமைச்சகம்தான். பொதுமக்களுக்கு எட்டும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 ரிவால்வர் அல்லது .32 பிஸ்டல். கான்பூரில் பொதுத்துறை நிறுவனம் தயாரிக்கும் .32 ரிவால்வர்கள் நம் ஊரில் பழக்கமானவை. லைசென்ஸில் என்ன வகை எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். ரிவால்வர் என்று மட்டும் எழுதியிருந்தால் பிஸ்டல் வாங்க முடியாது. வெளி மாநிலத்தில் வாங்குவதாக இருந்தால், கொண்டுவரத் தேவையான அனுமதியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பட்ஜெட் போடும்போது வரியையும் கணக்கில் சேருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் ஜி.எஸ்.டி. 40 சதவீதம்.

பில் கையில் வந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். துப்பாக்கியின் உடம்பில் பொறித்த எண்ணை நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். எண்ணெய் படிந்த இரும்பில் 3 எது, 8 எது என்று சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வெட்டின் நிழல் விழும், அப்போது தெளிவாகத் தெரியும். பில்லில் உள்ள எண், லைசென்ஸில் எழுதிய எண், இரும்பில் உள்ள எண், மூன்றும் ஒன்றாக இருக்கிறதா? ஒரு இலக்கம் மாறினாலும், தாளின்படி உங்கள் கையில் இருப்பது வேறு துப்பாக்கி. இந்தச் சிறு பிழையைப் பல வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது கண்டுபிடித்து, கடை மூடிப்போய், விற்றவரும் இல்லாமல் அலைந்த ஒருவருக்காக நாங்கள் ஒன்றரை வருடம் கடிதம் எழுதியிருக்கிறோம். தோட்டாவும் அப்படித்தான். எத்தனை வாங்கலாம், கையில் எத்தனை இருக்கலாம் என்று லைசென்ஸிலேயே இருக்கும். வாங்கிய ஒவ்வொரு முறையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாங்கிய துப்பாக்கியை லைசென்ஸ் அலுவலகத்தில் காட்டிப் பதிவை முடிப்பதையும் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில், வண்டியில், விமான நிலையத்தில்

தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டிய அலமாரியில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில். சாவி உங்களிடம். மனைவிக்கோ கணவருக்கோ அண்ணனுக்கோகூட அந்தத் துப்பாக்கியில் உரிமை கிடையாது.

"நான் ஊருக்குப் போறேன், மச்சான் வீட்டில வெச்சுட்டுப் போறேன்" என்பது சாதாரணமாகத் தோன்றும். மச்சானைப் பொறுத்தவரை அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். உங்களையும் விடாது. துப்பாக்கி கையில் இல்லாவிட்டாலும், அதன்மேல் கட்டுப்பாடு இருந்தால் அது உங்கள் வசம் இருந்ததாகவே கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொல்லிவிட்டது. வெளியூர் போகும்போது பத்திரம் வேண்டுமானால் லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கலாம். டிரைவரிடம் பையைக் கொடுத்துவிட்டு நீங்கள் கல்யாண மண்டபத்துக்குள் போவதும் இதே தவறுதான்.

கல்யாணம் என்றதும் இன்னொன்று. சந்தோஷத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு 2019 திருத்தம் தனியாகவே தண்டனை வைத்திருக்கிறது: 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு கீழே இறங்கத்தான் செய்யும், அது யார் தலையிலும் விழலாம். பொது இடத்தில் கொண்டுபோனால் உறைக்குள் இருக்க வேண்டும், காட்டி மிரட்டக் கூடாது. ஆயுத பூஜை அன்று சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிடுவதில் தப்பில்லை. அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். எந்த வீட்டில், எந்த அலமாரிக்குப் பக்கத்தில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்கே சொன்னதாகிவிடும்.

மீனம்பாக்கத்தில் கைப்பையில் தோட்டாவோடு பிடிபட்டவர்களில் லைசென்ஸ் வைத்திருந்தவர்களும் உண்டு. பையின் பக்கவாட்டு ஜிப்பில் எப்போதோ போட்ட ஒன்று, ஸ்கேனரில் மட்டும் தெரியும். விமானப் பயணத்துக்கு எடுக்கும் பையும், துப்பாக்கி வைத்திருந்த பையும் எப்போதுமே வேறு வேறாக இருக்கட்டும். ஆயுதத்தோடு பறக்க வேண்டிய தேவை இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்பே அறிவித்து, அவர்கள் சொல்லும் முறைப்படி செக்-இன் சாமானில்தான் அனுப்ப முடியும். போகிற மாநிலத்தில் உங்கள் லைசென்ஸ் செல்லுமா என்றும் பாருங்கள். செல்லுபடியாகும் எல்லை அதிலேயே எழுதியிருக்கும்.

புதுப்பித்தல், வீடு மாறுதல், தேர்தல்

லைசென்ஸின் காலம் இப்போது 5 ஆண்டு. ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. முன்பு மூன்று இருந்ததை 2019இல் குறைத்தார்கள். தேசிய ஆயுத லைசென்ஸ் தரவுத்தளத்தில் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் உண்டு, அந்த எண் இல்லாத பழைய லைசென்ஸ் செல்லாது. முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.

வேளச்சேரியிலிருந்து மேடவாக்கத்துக்கு வீடு மாறுவது நமக்குச் சிறு பயணம்தான். லைசென்ஸுக்கு அது வேறு கமிஷனரேட். கேஸ் கனெக்‌ஷன் மாற்றுகிற அதே வாரத்தில் பழைய அலுவலகம், புதிய அலுவலகம் இரண்டுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தால் காலம் தாழ்த்தாமல் ஒப்படையுங்கள். உங்களுக்கு விலக்கு தேவை என்றால், அதை ஆராய்வதற்கென்று இருக்கும் குழுவுக்கு எழுதிக் கேட்கலாம். துப்பாக்கி எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் ரசீதில் இருக்க வேண்டும்.

வில்லிவாக்கத்துக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்தால் வாரிசுகள் தேவையில்லாத தாமதம் இன்றி ஆயுதத்தையும் தோட்டாவையும் ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. ஒப்படைத்துவிட்டு வாரிசு என்ற முறையில் தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். அவர் அப்பா எழுபது வயதைக் கடந்து வாழ்ந்தவர். எழுபது வயதானாலோ, துப்பாக்கி 25 ஆண்டு கையில் இருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே பிள்ளை பெயருக்கு மாற்றக் கேட்க விதிகளில் இடம் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

அந்த டப்பாவைத் திரும்ப டூவீலரில் எடுத்துப் போக நாங்கள் விடவில்லை. அவர் பகுதி ஸ்டேஷனுக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னோம். கூடவே ஒரு கடிதம், அப்பாவின் இறப்புச் சான்று, பழைய லைசென்ஸின் நகல். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். ஆறு தோட்டாவையும் ஒவ்வொன்றாகத் தாளில் வைத்து எண்ணி எழுதினார். பிறகு எல்லோரும் வில்லிவாக்கத்துக்காரரின் வீட்டுக்குப் போனோம். பீரோவின் கீழ்த்தட்டில், வேட்டித் துணியில் சுற்றி, ரிவால்வர். எண்ணைப் படிக்க அவர் மகள் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். இப்போது அது ஸ்டேஷன் காவலில் இருக்கிறது, ரசீது அவர் ஃபைலில். ஏ-1 படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறோம், பயிற்சிச் சான்று வந்ததும் அதோடு சேர்த்துக் கொடுப்போம். அடுத்த வாரம் அவருக்குப் பயிற்சி வகுப்பு.