இருபது ஓவர் பழகியவர் இரண்டு நாள் ஆட்டத்துக்கு மாற

செங்கோட்டை, புளியரை வட்டாரத்தில் பையன்கள் பழகுவது டென்னிஸ் பந்தில், எட்டு ஓவர், பத்து ஓவர் ஆட்டம். அங்கிருந்து தையல் போட்ட தோல் பந்தில், அதாவது ஸ்டிச் பந்தில், இருபது ஓவருக்குப் போவது பெரிய கஷ்டமில்லை. இரண்டு நாள் ஆட்டத்தில்தான் தடுமாறுகிறார்கள். அடிக்கத் தெரியும், பந்தை அடிக்காமல் விடத் தெரியாது.

முதலில் மட்டை. டென்னிஸ் பந்து மட்டையைக் கொண்டுபோகாதீர்கள், விரிசல் விடும்.

அடுத்து, திரும்பிப் பார்க்காமலே ஆஃப் ஸ்டம்ப் (மட்டைப் பக்கத்து ஸ்டம்ப்) எங்கே என்று தெரிய வேண்டும். மிடில் ஸ்டம்புக்கு நேரே மட்டையை ஊன்றிக் கார்டு எடுங்கள். பந்து கையை விட்டுக் கிளம்பும் முன் பின்கால் சற்று ஆஃப் பக்கம் நகர்ந்தால் கண் ஆஃப் ஸ்டம்புக்கு நேராக வரும். கண்ணுக்கு வெளியே போகும் நல்ல அளவுப் பந்துகள் எல்லாம் கீப்பருக்கு. வலையில் ஒருவர் 30 பந்து எறியட்டும். ஸ்டம்புக்குப் பின்னால் செல்போனை வைத்துப் படம் பிடித்தால், விட்ட பந்து ஸ்டம்பை எவ்வளவு தள்ளிப் போனது என்று தெரிந்துவிடும். விடுவதென்றால் முழுதாக விடுங்கள்: கை உள்ளே, மட்டை மேலே. அடிக்கலாமா என்று நீட்டிவிட்டுப் பாதியில் இழுப்பவர்தான் கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் பிடிபடுவார், இல்லையென்றால் உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பு போகும்.

மேட் விரித்த பிட்ச்சில் பந்து சீராக எழும்பும், அதனால் அளவைப் பார்த்தே சில பந்துகளை ஸ்டம்புக்கு மேலே விடலாம். ஆனால் மேட்டை இறுக்கி இழுத்து ஆணி அடித்திருக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் ஒரு பந்து நெஞ்சுக்கு வரும், அடுத்தது கணுக்காலுக்கு. டாஸுக்கு முன் ஒரு நடை போய் மிதித்துப் பாருங்கள்.

பந்துவீச்சில், இருபது ஓவர் ஆட்டத்தின் நாலு ஓவர் புத்தி உதவாது. மட்டையாளர் சுழற்றவே இல்லையென்றால் ஸ்லோ பந்து யாரை ஏமாற்றும்? ஆஃப் ஸ்டம்புக்கு அரை அடி வெளியே, ஒரே இடத்தில், ஆறு ஓவர் போடும் அளவுக்கு மூச்சைப் பிடித்து வையுங்கள். பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் வியர்வையால் துடைத்துப் பளபளப்பாக்குங்கள், எச்சில் கூடாது. மறுபக்கத்தில் ஈரக்கை படவே கூடாது.

சாரல் காலத்தில் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். பிட்ச் வடக்குத் தெற்காக இருந்தால் காற்று குறுக்கே போகும். வலக்கை மட்டையாளருக்கு அவுட்ஸ்விங் (வெளியே வளையும் பந்து) போடுபவரையும் ஆஃப் ஸ்பின்னரையும் வடக்கு முனையில் விடுங்கள்: அங்கிருந்து காற்று பந்தை ஸ்லிப் பக்கம் தள்ளும். உள்ளே வளைக்கும் இன்ஸ்விங்கருக்குத் தெற்கு முனை. இதைக் கவனிக்காத கேப்டன்கள்தான் அதிகம்.

ரன் கணக்கும் வேறு. ரஞ்சிக் கோப்பை லீக் ஆட்டம் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸ் முன்னிலைக்கு 3 புள்ளி, மற்றவருக்கு 1. டிரா ஆன 2025 அரையிறுதியில் முதல் இன்னிங்ஸில் குஜராத் 455, கேரளா 457. அந்த 2 ரன்னில்தான் மலைக்கு அந்தப் பக்கத்து அணி முதல்முறை இறுதிக்குப் போனது. ஆகவே கடைசி ஆட்டக்காரருக்கும் தடுத்தாடப் பழக்குங்கள்.

இரண்டு நாள் ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸில் 100 ரன் முன்னிலை இருந்தால் ஃபாலோ ஆன் கொடுக்கலாம், அதாவது எதிரணியை உடனே மறுபடி மட்டை பிடிக்கச் சொல்லலாம். கொடுக்குமுன் வேகப்பந்து வீச்சாளர்களின் காலைக் கேளுங்கள். அறுபது ஓவர் களத்தில் நின்றவர்களை உடனே மறுபடி இறக்கினால், சாயங்காலம் தசை பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள்.